முதுமைக்குச் சேமிக்க வைக்க எது நல்ல வழி? வரிச்சலுகை, கட்டாயம், கேட்காமலே சேர்ப்பது: ஓர் ஒப்பீடு

அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் ஓய்வுகாலச் சேமிப்பைப் பற்றி ஆய்வாளர்கள் கேட்டார்கள். நூறு பேரில் 68 பேர் தங்கள் சேமிப்பு போதாது என்றார்கள். 24 பேர் அடுத்த சில மாதங்களில் கூட்டிவிடுவோம் என்றார்கள். அந்த மாதங்கள் கழிந்து கணக்கைப் பார்த்தபோது, உண்மையில் கூட்டியவர்கள் மூன்றே பேர்.

ஓய்வூதியக் கொள்கையின் சிக்கல் முழுவதும் அந்த 68-க்கும் மூன்றுக்கும் இடையில்தான் இருக்கிறது. முதுமை வரும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. சேமிக்க மனமில்லாதவர்களும் குறைவு. நினைப்பு செயலாக மாறும் இடத்தில்தான் ஆள் நின்றுவிடுகிறார். பழைய பொருளியல் பாடம் மனிதர் தன் வாழ்நாள் வரவையும் செலவையும் கணக்கிட்டு முடிவெடுப்பவர் என்று வைத்துக்கொண்டு, அவருக்கு வட்டியும் வரிச்சலுகையும் காட்டினால் போதும் என்றது. அப்படிக் காட்டியும் பல நாடுகளில் சேமிப்பு நகரவில்லை. ஏன் என்பதை உளவியல் விளக்கியது. அந்த விளக்கத்தை நம்பிச் சில அரசுகள் சட்டமே மாற்றின. அதனால் இப்போது ஓர் அரசின் முன்னாலோ நிறுவனத்தின் முன்னாலோ ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதே இங்கே கேள்வி.

ஒப்பிடும்போது சேர்ந்தவர்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடுவது பெரிய பிழை. எவ்வளவு பணம் போகிறது, அது புதிய சேமிப்பா அல்லது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியதா, இடையில் ஒழுகுவது எவ்வளவு, செலவு யார் தலையில் விழுகிறது, எந்த வகை ஆள் இதில் கெடுகிறார் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மனம் எங்கே தடுக்கிறது

நான்கு தடைகளைப் பிரித்து வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு வழியும் எந்தப் பூட்டுக்கான சாவி என்பது தெரியும்.

முதலாவது, இன்றைக்கு நாம் தரும் அளவுக்கு மீறிய எடை. இன்று கிடைக்கும் நூறு ரூபாயா, நாளை கிடைக்கும் நூற்றுப்பத்தா என்றால் பலர் இன்றைய நூறை எடுப்பார்கள். அதையே ஓராண்டு கழித்து நூறா, ஓராண்டும் ஒரு நாளும் கழித்து நூற்றுப்பத்தா என்று கேட்டால் நூற்றுப்பத்துக்கு மாறிவிடுவார்கள். பொருளியலாளர் டேவிட் லைப்சன் 1997-இல் இந்த மாறாட்டத்தைச் சேமிப்புக் கணக்கோடு பொருத்திக் காட்டினார். "அடுத்த மாதம் ஆரம்பிக்கிறேன்" என்பவர் பொய் சொல்லவில்லை. அடுத்த மாதம் வந்ததும் அதுவும் "இன்று" ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாவது, இழப்பின் வலி. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரு தொகையை இழக்கும் வலி அதே தொகையைப் பெறும் மகிழ்ச்சியை விடப் பெரிது. அவர்களே பின்னர் செய்த அளவீட்டில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தது. கைக்கு வந்த சம்பளத்திலிருந்து எடுத்துப் போடுவது இழப்பாக உறைக்கும். கைக்கு வராமலே பிடிக்கப்பட்டது அவ்வளவு உறைக்காது.

மூன்றாவது, இருந்தபடியே இருந்துவிடும் குணம். படிவம் நிரப்ப அரைமணி நேரம் ஆகும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் பணத்தை விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. நான்காவது, தேர்வு மிகும்போது வரும் திகைப்பு. அமெரிக்க ஓய்வூதியத் திட்டங்களின் தரவுகளில், முதலீட்டு ஃபண்டுகளின் எண்ணிக்கை பத்துக் கூடும்போதெல்லாம் சேர்வோர் பங்கு ஒன்றரை முதல் இரண்டு சதவீதப் புள்ளி வரை குறைந்தது.

சொல்லிப் புரியவைத்தல்

மலிவானது, யாரும் எதிர்க்காதது, பலன் மிகக் குறைந்தது. நிறுவனம் ஒன்றில் நடந்த நிதிக் கருத்தரங்கு முடிந்ததும், அதுவரை ஓய்வூதியத் திட்டத்தில் சேராதிருந்த அத்தனை பேரும் சேரப்போவதாகச் சொன்னார்கள். பின்னர் சேர்ந்தவர்கள் 14 சதவீதம். வகுப்பு அறிவைத் தந்தது, படிவத்தை நிரப்பவில்லை. கருத்தரங்கு நடத்தத்தான் வேண்டும் என்றால், வெளியேறும் வாசலில் கையெழுத்துப் போடும் மேசையை வைத்துவிட்டு நடத்துவது நல்லது.

வரிச்சலுகை

அரசுகளுக்கு மிகவும் பழகிய வழி இது. மிகவும் செலவான வழியும் இதுவே. டென்மார்க்கில் 1999-இல் உயர்வருமானப் பிரிவினருக்கு ஒரு வகை ஓய்வூதியக் கணக்கின் வரிச்சலுகை குறைக்கப்பட்டது. ராஜ் செட்டியும் டேனிஷ் ஆய்வாளர்களும் நாட்டின் பதிவேடுகளிலிருந்து 4 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து, அந்த மாற்றத்துக்கு மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தார்கள். சலுகையின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்து நடந்தவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். மற்ற 85 சதவீதம் பேர் எதையும் மாற்றவில்லை. அந்தப் 15 சதவீதத்தினரும் பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்த பணத்தை இன்னொரு கணக்குக்கு மாற்றியவர்களே. அரசு சலுகையாக விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் மொத்தச் சேமிப்பு கூடுவது ஒரு சென்ட் என்று அவர்களின் கணக்கு முடிந்தது.

சலுகை போய்ச் சேருவது ஏற்கெனவே சேமிப்பவரிடம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. முதுமைப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுபவரும் அவரே. வரிச்சலுகையை மட்டும் நம்பி ஓய்வூதியக் கொள்கை வகுப்பதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

பங்குக்குப் பங்கு போடுவது

"நீ நூறு போட்டால் நான் ஐம்பது போடுகிறேன்" என்று நிறுவனமோ அரசோ சொல்வது வரிச்சலுகையை விட எளிதில் விளங்கும். ஆனால் எப்போது, எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே வேலை செய்யும். 2005-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வருமானவரிப் படிவம் நிரப்ப வந்த சுமார் 14,000 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சேமிப்புக் கணக்கில் பணம் போட்டால் கூடுதல் தொகை எதுவும் இல்லை என்ற குழுவில் 3 சதவீதம் பேர் போட்டார்கள். 20 சதவீதம் சேர்த்துத் தருகிறோம் என்ற குழுவில் 8 சதவீதம். 50 சதவீதம் தருகிறோம் என்ற குழுவில் 14 சதவீதம். வரி திரும்பக் கிடைக்கும் தருணத்தில், எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து விளக்கியதால் கிடைத்த பலன் இது.

அப்படியும் நூற்றுக்கு 14 பேர்தான். ஐம்பத்தொன்பதரை வயது தாண்டிய அமெரிக்க ஊழியர்கள் ஓய்வூதியக் கணக்கில் போட்ட பணத்தை எந்த அபராதமும் இல்லாமல் உடனே எடுத்துக்கொள்ளலாம். போட்டு எடுத்தாலே, நிறுவனம் தன் பங்காகச் சேர்க்கும் பணம் இலவசமாகக் கிடைக்கும். அந்த நிலையிலும், ஓர் ஆய்வில் 36 சதவீதம் பேர் நிறுவனம் தரத் தயாராக இருந்த பணத்தை முழுதாக வாங்காமல் விட்டார்கள். சலுகையின் அளவைக் கூட்டுவதால் மட்டும் உடைகிற தடை இல்லை இது.

பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது

சேர்கிறேன் அல்லது சேரவில்லை, இரண்டில் ஒன்றை எழுதிக்கொடு, எழுதாமல் விடமுடியாது. 1997 வரை அமெரிக்க நிறுவனம் ஒன்று புதிதாகச் சேரும் ஊழியரிடம் 30 நாளுக்குள் இந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கியது. பின்பு தொலைபேசிச் சேவைக்கு மாறி, "விருப்பமுள்ளவர் அழைக்கலாம்" என்றாக்கியது. மூன்றாம் மாதத்தில், பதில் கேட்கப்பட்டவர்களில் 69 சதவீதம் பேர் திட்டத்தில் இருந்தார்கள். கேட்கப்படாதவர்களில் 41 சதவீதம். ஒரே நிறுவனம், ஒரே திட்டம், ஒரே நிறுவனப் பங்கு. 28 புள்ளி வித்தியாசத்துக்கு ஒரே காரணம் ஒரு காகிதம்.

இந்த வழிக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் கருத்து. யார் மீதும் எதையும் திணிக்காமல், தள்ளிப்போடுவதை மட்டும் இது தடுக்கிறது. ஊழியர்களின் வயதும் சம்பளமும் குடும்ப நிலையும் மிகவும் வேறுபடும் இடத்தில் ஒரே விகிதத்தை எல்லோருக்கும் வைப்பது தவறாகும். அங்கே இதுவே சிறந்தது. பலவீனமும் உண்டு. படிவத்தில் "எத்தனை சதவீதம்?", "எந்த ஃபண்ட்?" என்று கேள்வி நீண்டால் ஆட்கள் திகைத்து, மிகக் குறைந்த எண்ணை எழுதிவிடுவார்கள். கேள்வி ஒன்றாக இருக்கட்டும். மூன்று விகிதங்களைக் கொடுத்து ஒன்றில் குறியிடச் சொன்னால் போதும்.

கேட்காமலே சேர்ப்பது

வேலையில் சேர்ந்தவுடன் திட்டத்திலும் சேர்த்துவிடுவது, வேண்டாதவர் எழுதிக்கொடுத்து விலகலாம் என்பது. பிரிஜிட் மாட்ரியனும் டென்னிஸ் ஷேயும் 2001-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதை உலகுக்குக் காட்டியது. விருப்பப்பட்டால் சேரலாம் என்றிருந்த காலத்து ஊழியரில் 49 சதவீதம் சேர்ந்திருக்க, கேட்காமலே சேர்க்கப்பட்டவர்களில் 86 சதவீதம் பேர் திட்டத்தில் தொடர்ந்தார்கள்.

அந்த ஆய்வின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. நிறுவனம் வைத்த டிஃபால்ட் விகிதம், அதாவது ஊழியர் தாமாக மாற்றாதவரை பிடிக்கப்படும் அளவு, சம்பளத்தில் 3 சதவீதம். டிஃபால்ட் முதலீடு, ஆபத்தும் இல்லாத வளர்ச்சியும் இல்லாத குறுகியகால வைப்பு ஃபண்ட். நிறுவனமோ சம்பளத்தின் 6 சதவீதம் வரை ஊழியர் போடும் தொகையில் பாதியைத் தானும் போட்டது. தாமாகத் தேர்ந்திருந்தால் 6 சதவீதம் எழுதியிருக்கக் கூடியவர்களும் 3-இலேயே தங்கி, நிறுவனப் பங்கில் பாதியை இழந்தார்கள். சேராமல் இருக்க வைத்த அதே சோம்பல், சேர்ந்த பின் குறைந்த விகிதத்தில் இருக்கவும் வைத்தது. "இதுதான் சரியான அளவு போலிருக்கிறது, நிறுவனமே வைத்திருக்கிறதே" என்று அந்த எண்ணையே அறிவுரையாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

நாடு முழுவதற்கும் இதைச் சட்டமாக்கியவற்றில் பிரிட்டன் கவனித்துப் படிக்க வேண்டிய நாடு. 2002-இல் அமைந்த அடேர் டர்னர் தலைமையிலான ஓய்வூதிய ஆணையம் கட்டாயம், வரிச்சலுகை, தானாகச் சேர்ப்பது மூன்றையும் எடைபோட்டு மூன்றாவதைத் தேர்ந்தது. 2008-இல் சட்டம், 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடக்கம், 2018 தொடக்கத்தில் மிகச் சிறிய நிறுவனங்கள் வரை. 22 வயது நிரம்பி, ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர் சேர்க்கப்படுவார். ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணம் திரும்பும். விலகியவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் சேர்ப்பார்கள். அவர் மறுபடி எழுதிக்கொடுக்க வேண்டும். விகிதம் முதலில் மொத்தம் 2 சதவீதம், 2018 ஏப்ரலில் 5, 2019 ஏப்ரலில் 8: நிறுவனம் 3, ஊழியர் 4, வரிச்சலுகையாக அரசு 1.

மூன்றில் ஒரு பங்கினர் விலகிவிடுவார்கள் என்ற அச்சம் தொடக்கத்தில் இருந்தது. விலகியவர்கள் பத்தில் ஒருவர் அளவே. விகிதம் 2-லிருந்து 8-க்கு ஏறியபோதும் கூட்டமாக யாரும் வெளியேறவில்லை. தகுதியுள்ள தனியார் துறை ஊழியர்களில் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தோர் 2012-இல் 42 சதவீதம். பத்தாண்டுக்குள் அது 86 ஆனது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

ஆனால் அந்த 8 சதவீதத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அது முழுச் சம்பளத்தின் மீதல்ல. ஆண்டுக்கு 6,240 பவுண்டுக்கு மேலும் 50,270-க்குக் கீழும் உள்ள பகுதியின் மீது மட்டும். 25,000 பவுண்டு வாங்குபவருக்கு 18,760-இன் 8 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1,500 பவுண்டு. முழுச் சம்பளத்தில் அது 6 சதவீதம். ஊழியர் கையிலிருந்து போவது மாதம் 62 பவுண்டு 53 பென்ஸ். குறைந்த சம்பளக்காரருக்கு உண்மை விகிதம் இன்னும் கீழே. 2023-இல் நிறைவேறிய சட்டம் அந்த அடிவரம்பை நீக்க அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. டிஃபால்ட் எண்ணை யார் எப்படி வரையறுக்கிறார்கள் என்பது வெறும் நுணுக்க விவரம் அல்ல. கோடிக்கணக்கானவர்களின் முதுமையை அதுவே தீர்மானிக்கிறது.

எங்கே தோற்கிறது

துருக்கி 2017 ஜனவரியில் 45 வயதுக்குக் கீழுள்ள ஊழியர்களைத் தானாகச் சேர்க்கத் தொடங்கியது. பிடித்தம் 3 சதவீதம், விலக இரண்டு மாதம், அரசு தன் பங்காக ஊழியர் போட்டதில் 25 சதவீதம் சேர்த்தது. பிரிட்டனைப் போலவே தெரியும் ஏற்பாடு. ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் விலகிப் போனார்கள். முக்கிய வேறுபாடு ஒன்று: அங்கே நிறுவனத்தின் பங்கு இல்லை. பிரிட்டனில் விலகுபவர் முதலாளி தரும் 3 சதவீதத்தைக் கண்ணெதிரே இழக்கிறார், அந்த இழப்பின் வலி அவரை நிறுத்தி வைக்கிறது. துருக்கியில் விலகியவருக்குச் சம்பளம் கூடியதாகவே தோன்றும். பணவீக்கம் மிகுந்த நாட்டில், நீண்டகாலம் பூட்டி வைக்கும் பணத்தின் மீது நம்பிக்கையும் குறைவு. நம்பிக்கை இல்லாத இடத்தில் மனிதர்கள் சோம்பலை உதறிவிட்டுப் படிவம் நிரப்புவார்கள்.

அடுத்த ஐயம் கடன். இந்தப் பக்கம் சேமித்துவிட்டு அந்தப் பக்கம் கடன் வாங்கினால் என்ன பயன்? பிரிட்டனின் சிறு நிறுவனங்களில் நடந்த ஆய்வில், தானாகச் சேர்க்கப்பட்டவர் மாதம் 32 முதல் 38 பவுண்டு வரை கூடுதலாகச் சேர்த்தார். தனிநபர்க் கடன், ஓவர்டிராஃப்ட் போன்ற அடமானமில்லாக் கடன் மாதம் 7 பவுண்டு கூடியது. ஐந்தில் ஒரு பங்கு கடனாகத் திரும்புகிறது, மீதி நிற்கிறது. இதைப் பெரிய தோல்வி என்று சொல்லமாட்டேன். ஆனால் அது சராசரி. மாதக் கடைசியில் கைமாற்று வாங்கும் குடும்பத்துக்கு அந்த 7 பவுண்டு 30 ஆக இருக்கலாம்.

மூன்றாவது, ஒழுகல். அமெரிக்காவில் ஒன்பது நிறுவனத் திட்டங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2024-இல் வந்தது. அதை எழுதியவர்களில் லைப்சனும் ஒருவர். ஊழியர்கள் அடிக்கடி வேலை மாறுகிறார்கள், மாறும்போது பணத்தை எடுத்துவிடுகிறார்கள், நிறுவனப் பங்கு தங்களுக்கு உரிமையாகும் முன்பே போய்விடுகிறார்கள். இவை எல்லாவற்றையும் கழித்தால், தானாகச் சேர்ப்பதால் நீண்டகாலத்தில் கூடும் சேமிப்பு வருமானத்தில் 0.6 சதவீதமே. முதலாண்டுக் கணக்கை மட்டும் பார்த்துக் கொண்டாடியவர்களுக்கு இது கசப்பான எண். அதைக் கண்டறிந்து வெளியிட்டவர்கள் இந்த வழியை முன்பு ஆதரித்த அதே ஆய்வாளர்கள் என்பது அந்தத் துறையின் மீது மதிப்பைக் கூட்டுகிறது.

சம்பள உயர்வோடு உயரும் பிடித்தம்

குறைந்த டிஃபால்ட் விகிதத்தில் மாட்டிக்கொள்வதற்கு பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் கண்ட மருந்து இது. அடுத்த சம்பள உயர்வு வரும்போது பிடித்தம் கூடட்டும் என்று இன்றே ஒப்புக்கொள்ள வைப்பது. நாளைய பணத்தை விட்டுக்கொடுப்பது எளிது. உயர்விலிருந்து போவதால் கைச்சம்பளம் குறைவதில்லை. ஒப்புக்கொண்டபின் சோம்பலே அவரை உள்ளே வைத்திருக்கும். முதலில் சொன்ன தடைகளில் மூன்றை இது பலமாக மாற்றிக்கொள்கிறது.

கணக்கு இப்படி. 30,000 ரூபாய் சம்பளத்தில் 5 சதவீதம் பிடித்தம் போனால் கைக்கு 28,500. 6 சதவீத உயர்வில் சம்பளம் 31,800, பிடித்தம் 8 சதவீதமாகக் கூடி 2,544, கைக்கு 29,256. பிடித்தம் ஆயிரத்துக்கு மேல் கூடியும் கையில் 756 ரூபாய் அதிகம். இதில் மறைந்திருக்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். அந்த ஆண்டு விலைவாசி 5 சதவீதம் ஏறியிருந்தால், பழைய 28,500-க்கு ஈடாக 29,925 வேண்டும். உண்மையில் வாங்கும் சக்தி குறைந்துவிட்டது. எண் கூடியதால் வலிக்கவில்லை. ஆகவே உயர்வு விலைவாசியைத் தாண்டாத ஆண்டுகளில் ஏற்றத்தை நிறுத்திவைக்கும் விதியை எழுதுவதே நேர்மை.

1998-இல் நடுத்தர அளவுள்ள உற்பத்தி நிறுவனம் ஒன்றில் முதல் சோதனை. நிதி ஆலோசகர் உடனே 5 புள்ளி கூட்டச் சொன்னதை ஏற்க மறுத்தவர்களிடம் இந்தத் திட்டம் வைக்கப்பட்டது. 78 சதவீதம் பேர் ஏற்றார்கள். ஒவ்வோர் உயர்விலும் 3 புள்ளி. 40 மாதத்தில் அவர்களின் சேமிப்பு 3.5-லிருந்து 13.6 சதவீதம் ஆனது. ஆலோசனையை உடனே ஏற்றுக் கூட்டியவர்கள் 9 சதவீதத்தை ஒட்டி நின்றுவிட்டார்கள். தயங்கியவர்கள் முந்திவிட்டார்கள்.

இங்கும் ஓர் எச்சரிக்கை. அவர்கள் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து தாமே ஒப்புக்கொண்டவர்கள். அதே ஏற்றத்தைக் கேட்காமலே வைத்தபோது, மேற்சொன்ன 2024 ஆய்வில், முதல் ஏற்ற நாளில் ஏற்றுக்கொண்டவர்கள் 40 சதவீதம் மட்டுமே. நீண்டகாலச் சேமிப்பில் அதன் பங்கு வருமானத்தில் 0.3 சதவீதம். அமெரிக்கா 2022 டிசம்பரில் இயற்றிய சட்டம், புதிதாகத் தொடங்கும் திட்டங்கள் 2025 முதல் 3-லிருந்து 10 சதவீதத்துக்குள் ஒரு விகிதத்தில் தானாகச் சேர்த்து, ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் குறைந்தது 10 வரை ஏற்ற வேண்டும் என்கிறது. அந்த எண்கள் எவ்வளவு நிலைக்கும் என்பதை எழுதிக்கொடுத்து விலகுவோர் தொகைதான் காட்டும்.

கட்டாயம்

ஆஸ்திரேலியா 1992-இல் 3 சதவீதத்தில் தொடங்கி, 2025 ஜூலை முதல் 12 சதவீதம் வரை நிறுவனங்களைக் கட்ட வைக்கிறது. சிங்கப்பூரில் 55 வயது வரை ஊழியர் 20, நிறுவனம் 17, மொத்தம் 37 சதவீதம். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8, நிறுவனம் 12. இந்தியாவில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம். சேர்ப்பதிலும் தொகையிலும் இதற்கு நிகரான வழி இல்லை. படிவமும் இல்லை, விலகலும் இல்லை.

கட்டாயத்தின் பலவீனம் தனிமனித மனத்தில் அல்ல, அரசியலில். கண்ணுக்குத் தெரியும் கணக்கில் பெருந்தொகை கிடக்க, வீட்டில் நெருக்கடி வந்தால் "என் பணத்தை ஏன் தரமாட்டாய்?" என்ற குரல் எழும். கோவிட் காலத்தில் ஆஸ்திரேலியர்கள் எடுத்தது 3,600 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவு. மலேசியாவில் ஊழியர் சேமநிதியிலிருந்து 2020 முதல் 2022 வரை நான்கு சுற்றுகளில் 14,500 கோடி ரிங்கிட் வெளியேறியது. எடுத்தவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். குறைந்த சம்பளக்காரர்களின் கணக்குகள்தான் அதிகம் வற்றின.

மலேசியா அதிலிருந்து கற்றது கவனிக்கத் தக்கது. 2024 மே மாதம் முதல் புதிய பிடித்தத்தில் 75 சதவீதம் ஓய்வுக்கு, 15 சதவீதம் வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு, 10 சதவீதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்குக்கு. அவசரத்துக்கென ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தால் பெருங்கதவை யாரும் உடைக்க வரமாட்டார்கள் என்பது கணிப்பு. பணத்தை மனத்தில் தனித்தனிப் பெட்டியாக வைக்கும் மனித இயல்பை இது சரியாகப் பயன்படுத்துகிறது.

எதை எடுப்பது

மாதச் சம்பளம் நிலையாக வரும் ஊழியர்களுக்கு, தானாகச் சேர்ப்பதையும் நிறுவனத்தின் பங்கையும் சம்பள உயர்வோடு ஏறும் பிடித்தத்தையும் ஒன்றாக வைப்பதே என் தேர்வு. இம்மூன்றில் நிறுவனப் பங்கை நீக்கினால் துருக்கியின் கதிதான். தொடக்க விகிதத்தை 3-இல் வைக்காதீர்கள். 5 அல்லது 6-இல் வையுங்கள். நிறுவனம் எத்தனை சதவீதம் வரை ஈடுகட்டுகிறதோ அதற்குக் கீழே டிஃபால்ட் இருக்கவே கூடாது. விலகும் நேரமும் முக்கியம். 2026 ஜனவரியில் தொடங்கிய அயர்லாந்தின் திட்டம், ஆறு மாதம் உள்ளே இருந்த பின்பு ஏழாம், எட்டாம் மாதங்களில்தான் விலக அனுமதிக்கிறது; அதற்குள் கைச்சம்பளம் பழகிவிடும், கணக்கில் முதலாளியின் பணமும் அரசின் பணமும் கண்ணுக்குத் தெரியும். டிஃபால்ட் முதலீட்டுக்குக் கட்டண உச்சவரம்பு கட்டாயம் வேண்டும். பிரிட்டனில் 2015 ஏப்ரல் முதல் அது ஆண்டுக்கு 0.75 சதவீதம். தேர்வு செய்யாதவர் கட்டணத்தையும் பார்க்கமாட்டார் என்பது நிதி நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். வேலை மாறும்போது கணக்கு தானாகப் பின்தொடர வேண்டும், "எடுத்துக்கொள்கிறீர்களா?" என்ற கேள்வியே எழக்கூடாது.

ஊழியர் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே உள்ள, சம்பளங்கள் மிகவும் வேறுபடும் சிறு நிறுவனம் என்றால், 30 நாளில் பதில் வாங்கும் முறை போதும். வரிச்சலுகைக்குப் போகும் பணத்தை மெல்லக் குறைத்து, குறைந்த வருமானக்காரருக்கான நேரடிப் பங்காக மாற்றுவதே அரசுக்கு நல்லது. பூட்டிய பணத்தைத் திறக்கச் சொல்லும் அரசியல் அழுத்தம் வலுவாக இருக்கும் நாடு, கட்டாயத்தைத் தேர்ந்தால் அவசரக் கணக்கையும் முதல் நாளிலேயே பிரித்து வைக்க வேண்டும்.

சம்பளச் சீட்டே இல்லாதவர்களுக்கு

மேலே சொன்ன அத்தனையும் மாதாமாதம் பிடித்தம் செய்ய ஒரு சம்பளச் சீட்டு இருப்பவர்களுக்கு. கொத்தனார், தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர், பூக்கடை வைத்திருப்பவர் ஆகியோருக்கு முதலாளியும் இல்லை, பிடித்தம் செய்யும் இடமும் இல்லை. பிரிட்டனின் வெற்றியிலும் சுயதொழில் செய்பவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள்.

இந்தியாவில் 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம் இவர்களுக்கானது. 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். வங்கிக் கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட். 60 வயதில் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. பிடித்தம் தானாக நடப்பது நல்ல வடிவமைப்பு. ஆனால் பெரும்பாலோர் தங்கியிருப்பது மிகக் குறைந்த 1,000 ரூபாய்ப் படியில். 18 வயதில் சேர்ந்தால் அதற்கு மாதம் 42 ரூபாய்தான். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், 42 ஆண்டு கழித்து வரும் அந்த ஆயிரத்தின் மதிப்பு இன்றைய 130 ரூபாய்க்கும் குறைவு. படியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. தானாக மாறாதவரை மிகச் சிலரே மாற்றுவார்கள். ஆண்டுதோறும் ஒரு படி ஏறுவதை டிஃபால்டாக வைத்து, வேண்டாதவர் மறுக்கலாம் என்று ஆக்கினால் பெரிய செலவில்லாமல் பலன் கிடைக்கும்.

அடுத்த குறை தேதி. குறித்த நாளில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிடித்தம் தவறும், தாமதக் கட்டணம் சேரும். வருமானம் நாள்தோறும் ஏறி இறங்குபவருக்கு மாதத் தேதி என்பதே அந்நியமானது. பிலிப்பைன்சில் ஒரு கிராம வங்கி, இலக்குத் தொகையோ தேதியோ வரும்வரை எடுக்க முடியாத கணக்கை முன்வைத்தபோது 28 சதவீதம் பேர் தாமாக ஏற்றார்கள். திறவுகோல் வங்கியிடம் இருக்கும் உண்டியலை அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் காசு கொடுத்தே வாங்கினார்கள். ஓராண்டில், அந்தக் கணக்கு வழங்கப்பட்டவர்களின் சேமிப்பு, வழங்கப்படாதவர்களுடையதை விட 80 சதவீதத்துக்கும் மேல் கூடியது. தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் வசதிக்கு ஏழைகளிடம் தேவை இருக்கிறது. உடுப்பியில் 1928-இல் தொடங்கிய பிக்மி டெபாசிட், வங்கியின் ஆள் கடைக்கே வந்து அன்றன்றைக்குச் சில்லறையாக வாங்கிப்போகும் ஏற்பாடாக, உளவியல் ஆய்வுகளுக்கு வெகுமுன்பே இதைச் செய்துகாட்டியது.

30 வயதில் சேர்ந்து 5,000 ரூபாய் ஓய்வூதியம் கேட்பவர் இன்று கட்டவேண்டியது மாதம் 577 ரூபாய். நாளுக்கு 19 ரூபாய் சொச்சம். தேதி வரும் நாளில் 577 கையில் இல்லாத பூக்கடைக்காரரிடமும் மாலையில் 20 ரூபாய் இருக்கும். அதை அன்றே வாங்கிக்கொள்ளும் வழியாக கைப்பேசிப் பணப்பரிமாற்றம் இருக்கலாம், கடைக்கு வரும் வசூல் ஆளும் இருக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் அவருடைய கமிஷனை அரசே ஏற்க வேண்டும். சேமிப்பவரின் 20 ரூபாயிலிருந்து அது கழியக் கூடாது.